‘ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்’: பார்க்கலாமா என்று கேட்ட மாணவிக்கு

தஞ்சாவூரில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது. விடுதித் தோழிகள் சேர்ந்து ‘ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்’ என்ற 1978ஆம் ஆண்டு அமெரிக்கப் படத்தை ஒரு சனிக்கிழமை இரவில் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். மூத்த மாணவி ஒருவர் அதைப் பெண்ணியப் படம் என்கிறார். ஆசிரியர் ஒருவர் ‘குப்பை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். “யார் சொல்வது சரி? பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்? பழிவாங்கும் பகுதியை ரசித்தால் தவறா?” என்று கேட்டிருக்கிறார்.

இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு என்று நடுவில் நின்றுகொள்ள எனக்கு விருப்பமில்லை. என் கருத்து இதுதான்: அந்தப் படத்தின் நேர்மையெல்லாம் பார்க்கவே முடியாத முன்பகுதியில் இருக்கிறது. எல்லோரும் காத்திருந்து கைதட்டுகிற பின்பகுதியில்தான் படம் பொய் சொல்லத் தொடங்குகிறது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் வரப்போகிற பழிவாங்கலுக்காக முன்பகுதியைப் பல்லைக் கடித்துச் சகித்துக்கொள்கிறார்கள்.

கதை ஒரு பத்தியில் அடங்கிவிடும். ஜெனிஃபர் ஹில்ஸ் என்ற இளம் எழுத்தாளர் தன் முதல் நாவலை எழுதுவதற்காக நியூயார்க்கிலிருந்து கிளம்பி, கனெக்டிகட்டில் ஆற்றங்கரை வீடொன்றைக் கோடைக்கு வாடகைக்கு எடுக்கிறார். பெட்ரோல் நிலையம் நடத்துகிற ஜானி, வேலைவெட்டி இல்லாத ஸ்டான்லி, ஆண்டி, மளிகைச் சாமான் கொண்டுவந்து தருகிற, மனவளர்ச்சி குன்றிய மேத்யூ ஆகிய நால்வரும் அவரைக் காட்டிலும் பிறகு வீட்டிலும் வைத்து மாறி மாறிச் சிதைக்கிறார்கள். கொன்றுவிட்டு வா என்று மேத்யூவை உள்ளே அனுப்புகிறார்கள். அவனுக்குக் கை வரவில்லை. கத்தியில் இரத்தத்தைத் தடவிக்கொண்டு வந்து கொன்றுவிட்டதாகச் சொல்லிவிடுகிறான். ஜெனிஃபர் உடல் தேறுகிறார், தேவாலயத்துக்குப் போய் மன்னிப்பு வேண்டிவிட்டு, நால்வரையும் ஒவ்வொருவராகக் கொல்கிறார். நூறு நிமிடங்களை ஓரிரு நிமிடங்களே தாண்டும் படம்.

இயக்கியவர் மேயர் ஜார்ச்சி. நடித்தவர் கமீல் கீட்டன். ஜார்ச்சி முதலில் வைத்த பெயர் ‘டே ஆஃப் தி வுமன்’. அந்தப் பெயரில் படம் ஓடவில்லை. 1980இல் ஜெரி கிராஸ் என்ற விநியோகஸ்தர் இப்போதைய பெயரைச் சூட்டி மறுபடி வெளியிட்டார். ‘எக்ஸ்பிளாய்டேஷன்’ படங்கள் என்று சொல்வார்கள். குறைந்த செலவில் எடுத்து, இரத்தத்தையும் நிர்வாணத்தையும் போஸ்டரில் காட்டியே கூட்டம் சேர்க்கும் படங்கள் அவை. அந்தச் சந்தைக்கு ஏற்ற பெயர் இது. சந்தையின் யோக்கியதைக்கு ஒரு சான்று: இந்தப் பெண் ஐந்து ஆண்களை வெட்டினாள், எரித்தாள் என்று போஸ்டர் கூவியது. படத்தில் இருப்பதோ நான்கு பேர். எவனும் எரிக்கப்படவும் இல்லை. போஸ்டர் எழுதியவர் படத்தைப் பார்த்திருக்கத் தேவையில்லை என்பது அந்தத் தொழிலின் வழக்கம். (பெயரும் புதிதல்ல. போரிஸ் வியான் எழுதிய பிரெஞ்சு நாவல் ஒன்றுக்கும், அதிலிருந்து 1959இல் வந்த படத்துக்கும் இதே பொருளுள்ள பெயர்தான். தன் நாவலைப் படமாக்கிய விதம் வியானுக்குப் பிடிக்கவில்லை. அதன் காட்சியில் உட்கார்ந்திருந்தபோதே மாரடைப்பு வந்து, மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்துபோனார். அந்தக் கதைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது.)

பெயரையும் போஸ்டரையும் ஒதுக்கிவிட்டு, படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1974இல் நியூயார்க்கில் ஜார்ச்சி, ஒரு நண்பருடனும் தன் மகளுடனும் காரில் போய்க்கொண்டிருந்தார். பூங்கா ஒன்றின் புதரிலிருந்து உடையில்லாமல், இரத்தம் வழிய ஒரு இளம்பெண் தவழ்ந்து வெளியே வந்தார். மகளை வீட்டில் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை நேராகக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவமனைக்கு முதலில் போயிருக்க வேண்டும் என்று ஜார்ச்சி பிற்பாடு சொல்லியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி, தாடை உடைந்து பேச முடியாமல் இருந்த அந்தப் பெண்ணிடம் விசாரணையைத் தொடங்கிவிட்டார். மருத்துவமனைக்கு அனுப்பும்படி இவர்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். முழுப் படத்திலும் ஒரு போலீஸ்காரர் வருவதில்லை. வழக்கு இல்லை, மருத்துவர் இல்லை, நீதிபதி இல்லை. ஜெனிஃபர் அவர்களைத் தேடிப் போய்த் தோற்றதாகக்கூடக் காட்டவில்லை. அந்த உலகத்தில் அவர்கள் இருப்பதாகவே படம் கருதவில்லை. தாடை உடைந்தவளைக் கேள்வி கேட்ட அதிகாரியை ஜார்ச்சி இப்படித்தான் படத்திலிருந்து துரத்தினார் என்று நான் நினைக்கிறேன்.

முன்பகுதி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரைத்தொழில் படிக்கிற உங்களுக்கு அதில்தான் பாடம் இருக்கிறது. முதலாவது, பின்னணி இசை கிடையாது. கதைக்குள் ஒலிக்கிறவைதான் உண்டு: ஒருவன் வாசிக்கும் மவுத் ஆர்கன், தேவாலயத்து ஆர்கன், ஒரு இசைத்தட்டு. வயலின்கள் வந்து ‘இப்போது பரிதாபப்படுங்கள்’ என்று சொல்வதில்லை. டிரம் வந்து ‘இப்போது பயப்படுங்கள்’ என்று எச்சரிப்பதும் இல்லை. காட்டில் பூச்சிச் சத்தம், படகு மோட்டாரின் இரைச்சல், அவருடைய குரல். நம் படங்களில் இத்தகைய காட்சியில் இடி இடிக்கும், விளக்கு அணையும், சுவரில் நிழல் ஆடும், வளையல் உடையும். அந்த அலங்காரம் எதுவும் இல்லாததால் பார்ப்பவருக்கு ஒதுங்க இடமில்லை.

இரண்டாவது, நீளம். ஏறத்தாழ அரை மணி நேரம் அந்தக் கொடுமை தொடர்கிறது. தப்பித்துவிட்டார் என்று நாம் நினைக்கிறபோது மறுபடி சூழ்ந்துகொள்கிறார்கள். அடுத்து வீட்டுக்குள் தவழ்ந்து போய்த் தொலைபேசியை எடுக்கிறார், அங்கேயும் நிற்கிறார்கள். இந்த நீளத்தை வக்கிரம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கவர்ச்சிக்காக எடுத்தவன் இப்படி எடுக்க மாட்டான் என்பது என் எண்ணம். ஜெனிஃபரின் உடலை நெருங்கி ரசிக்கும் கோணங்கள் குறைவு. அந்த ஆண்களின் வியர்த்த முகங்களும், ஒருவனை ஒருவன் உசுப்பிவிடுகிற பேச்சும், மேத்யூவை ‘நீயும் ஆண்தானா’ என்று சீண்டுகிற சிரிப்பும்தான் திரையை நிறைக்கின்றன. நால்வரில் எவனும் தனியாக இருந்தால் இதைச் செய்திருப்பானா என்ற கேள்வி எழும்படி எடுத்திருக்கிறார். ஒவ்வொருவனும் அந்தப் பெண்ணுக்குச் செய்வதைவிட, மற்ற மூவருக்குக் காட்டுவதற்காகச் செய்வதே அதிகம்.

மூன்றாவது, கையெழுத்துப் பிரதி. வீட்டுக்குள் அவர்கள் அவருடைய நாவலின் தாள்களை எடுத்து உரக்கப் படித்துக் கேலி செய்கிறார்கள், பிறகு கிழித்துப் போடுகிறார்கள். பிற்பாடு ஜெனிஃபர் அந்தக் கிழிசல்களைப் பொறுக்கி, ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். படத்தின் மிகச் சிறந்த காட்சி அதுதான். அதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

படம் வந்த அதே 1978இல் நம் நாட்டில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் வைத்துப் பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் விடுவித்தது. மதுரா வழக்கு என்பார்கள். உடலில் காயம் இல்லை, கூச்சலிட்டதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே சம்மதம் இருந்திருக்கலாம் என்பது தீர்ப்பின் போக்கு. 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அந்தத் தீர்ப்பைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடு முழுவதும் பெண்கள் அமைப்புகள் திரண்டன. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்கொடுமையில் சம்மதம் இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுத் தொடங்க வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான். காயம் எங்கே, கூச்சல் எங்கே என்று நீதிமன்றங்களே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், காயத்தையும் கூச்சலையும் தவிர வேறெதையும் அரை மணி நேரத்துக்குக் காட்ட மாட்டேன் என்று ஒரு படம் நின்றது. சந்தேகத்துக்கு ஒரு நூலிழை இடம்கூட அது விடவில்லை. அந்த நீளத்துக்கு நான் தருகிற பொருள் இது.

இனி, கூட்டத்தோடு பார்ப்பது பற்றி. 1980 ஜூலையில் சிகாகோவில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இந்தப் படத்துக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தராமல் எழுதினார். விமர்சனத்தில் படத்தைவிட அரங்கைப் பற்றி எழுதியிருப்பதுதான் முக்கியம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண் ஒவ்வொரு கொடுமைக்கும் உற்சாகமாகக் குரல் கொடுத்தாராம். பழிவாங்கல் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் ஜெனிஃபருக்கு ஆதரவாகக் கூவினாராம். திரும்பி அந்தப் பெண்ணிடம், ‘முன்னால் நடந்ததை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்கத் தோன்றியதாக எழுதினார். அவரும் அவருடைய தொலைக்காட்சிக் கூட்டாளி ஜீன் சிஸ்கெலும் தொடர்ந்து எதிர்த்ததில் அந்த அரங்கம் படத்தை எடுத்துவிட்டது.

எண்பதுகளில் மயிலாடுதுறையில் நான் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன். கல்யாண வீடுகளுக்கும் காதுகுத்துக்கும் டெக்கும் டிவியும் ஒரு இரவுக்கு அனுப்புவதுதான் முக்கிய வியாபாரம். ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து வருபவர்களின் பெட்டிகளில் வந்தன. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்று சும்மா சொல்வதில்லை. அங்கேயும் முத்துப்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் கடல் கடந்திருப்பார். பெயர் எழுதாத உறையில் இந்தப் படமும் வந்தது. கடையின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் அதைப் பார்த்தபோது நான் படத்தைவிட அவர்களைத்தான் அதிகம் பார்த்தேன். தொடக்கத்தில் சிரிப்பும் கேலியும். காட்டுக்காட்சி முடியாமல் நீள நீள, சிரிப்பு அடங்கியது. இரண்டு பேர் பீடி பிடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனார்கள். ‘இதை வேகமாக ஓட்டிவிடப்பா’ என்றார் ஒருவர். பழிவாங்கல் வந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்தது. ஜெனிஃபர் ஜானியைக் குளியல்தொட்டியில் வைத்துக் கொல்லும் காட்சிக்குக் கைதட்டல். பிறகு டீக்கடையில் பேசியதெல்லாம் அந்தக் குளியல்தொட்டி பற்றித்தான். அரை மணி நேரம் தங்களை நெளிய வைத்த எதையும் அவர்கள் டீக்கடை வரை கொண்டுவரவில்லை. படம் அவர்களிடமிருந்து வாங்கிய சங்கடத்தைப் படமே திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து, குறுந்தட்டில் நண்பர்கள் சிலர் குடும்பமாகச் சேர்ந்து பார்த்தபோது, பள்ளி ஆசிரியையான ஒருவர், பேப்பரைக் கிழித்த இடத்தில்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றார். அங்கே கைதட்டல் எங்கேயும் எழவில்லை. இரண்டு அறைகளையும் வைத்து ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி என்று விதி எழுத நான் முனையவில்லை. ஈபர்ட்டின் அரங்கில் கூவியவர் ஒரு பெண்தானே. யாரோடு உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது இந்தப் படத்தில் பாதிப் படம் என்பதுதான் நான் சொல்ல வருவது.

நம் ஊர்ப் பார்வையாளருக்கு இதில் தனியாக ஒரு அதிர்ச்சி உண்டு. தமிழ்ப் படங்களில் தங்கைக்கோ முறைப்பெண்ணுக்கோ கொடுமை நேர்ந்தால் கோபம் கதாநாயகனுக்கு வரும். அவள் தூக்கில் தொங்குவாள் அல்லது கிணற்றில் குதிப்பாள். அண்ணன் அரிவாள் எடுப்பான். அவளுடைய துன்பம் அவனுடைய சண்டைக்காட்சிக்குக் காரணச் சீட்டு. ஜெனிஃபருக்கு அண்ணன் இல்லை, காதலன் இல்லை, அப்பா இல்லை. அவர் சாகவும் இல்லை. ‘இனி நான் எப்படி வாழ்வேன்’ என்று ஒரு வசனம்கூடப் பேசவில்லை. கற்பு என்ற பேச்சே எழவில்லை. அடிபட்டவரே எழுந்து நடக்கிறார். பெண்ணே பழிவாங்கும் கதைகள் இந்தியாவிலும் பிற்பாடு வந்தன. மலையாளத்தில் 2012இல் வந்த ‘22 ஃபீமேல் கோட்டயம்’ தமிழில் ‘மாலினி 22 பாளையங்கோட்டை’ ஆனது. அவற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே, இத்தனை மலிவான ஒரு படம் அண்ணனைக் கழற்றிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மூத்த மாணவியின் பக்கம் நான் நிற்பது இந்த ஓரிடத்தில்தான்.

பின்பகுதி ஏன் பொய் என்று சொல்வதற்கு அமெரிக்கா போக வேண்டாம். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகாருக்குப் பஸ் ஏறினால் போதும். அங்கே 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் சுவர்ச் சிற்பங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழிவாங்கிய பெண்களில் நமக்குத் தெரிந்தவர்களுள் முதல்வர் அந்த ஊர்க்காரர். இளங்கோ கோவலன் கொலைக்குச் செலவழித்த வரிகளை எண்ணிப் பாருங்கள். ‘கல்லாக் களிமகன் ஒருவன் கையில் வெள்வாள் எறிந்தனன்’ என்று தொடங்கி, குருதி பரந்தது, செங்கோல் வளைந்தது, கோவலன் வீழ்ந்தான் என்று சில வரிகளில் முடிந்துவிடும். இடத்தையெல்லாம் அவர் எடுத்துக்கொள்வது வழக்குக்கு. கண்ணகி நேரே நெருப்பை ஏவவில்லை. வாயிலோனிடம் சொல்லி அனுப்புகிறார், அவைக்குள் போகிறார், ‘தேரா மன்னா’ என்று தொடங்கி வாதாடுகிறார், என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி உடைத்துக் காட்டி நிரூபிக்கிறார். அரசன் குற்றத்தை ஒப்புக்கொண்டு விழுந்து சாகிறான். அதற்குப் பிறகுதான் மதுரை எரிகிறது. அப்போதும் ‘பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி’ ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கமே சேர் என்று தீக்கு ஆணையிடுகிறார். அந்தப் பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இன்றைக்கு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். ஆனால் கோபத்தின் உச்சியில் நிற்கும் பெண், யாரை எரிப்பது யாரை விடுவது என்று யோசித்தாள் என்பதை இளங்கோ மறக்கவில்லை.

ஜார்ச்சிக்கு இந்த யோசனை கிடையாது. மேத்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூவரின் ஏவலுக்கு ஆடியவன், கொல்லச் சொன்னபோது கொல்லாதவன். ஜெனிஃபர் உயிரோடிருக்கக் காரணமும் அவன்தான், அவரைச் சிதைத்தவர்களில் ஒருவனும் அவன்தான். உண்மையிலேயே கடினமான கேள்வி இது. படமோ அவனை முதல் ஆளாகத் தூக்கில் மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. ஜெனிஃபர் அவனையும் ஜானியையும் கொல்வதற்குப் பிடிக்கும் வழி இன்னும் மோசம். தன் உடலையே தூண்டிலாகப் போட்டு அழைக்கிறார். ஜானியைத் துப்பாக்கி முனையில் நிறுத்திய பிறகும், அவன் ‘நீதான் எங்களைத் தூண்டினாய்’ என்று அளக்கிற கதையைக் கேட்டு மனம் இளகியதுபோல நடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். அவனும் நம்பி வருகிறான். சில நாட்களுக்கு முன் அப்படிச் சிதைக்கப்பட்ட ஒரு பெண் அவர்களைத் தொடவும் சிரிக்கவும் முடிகிறது என்பது ஆண் எழுதிய கற்பனை. முன்பகுதியில் மறைத்துவைத்த கவர்ச்சியை, இப்போது அவள் விருப்பத்தோடு நடக்கிறதே என்று பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அரை மணி நேரம் பட்டதன் சுவடு அந்த முகத்தில் எங்கே? ஒட்டுநாடாவோடு மேசையில் உட்கார்ந்திருந்தவர் எங்கே போனார்? படத்துக்கு அந்தப் பெண் தேவைப்படவில்லை; கொலைகாரிதான் தேவைப்பட்டார்.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு: குளியல்தொட்டிக் காட்சியில் உங்களுக்குள் ஒரு துள்ளல் வந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். அது வரும்படிதான் எடுத்திருக்கிறார்கள். அந்தத் துள்ளலோடு முன்பகுதி உங்கள் மனதிலிருந்து கரைந்து போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தணிக்கையின் கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பாடத்தில் எப்படியும் வரும். பிரிட்டனில் எண்பதுகளில் ‘வீடியோ நாஸ்டி’ (அருவருப்பான வீடியோ) என்று பெயரிட்டு ஒரு பட்டியலே போட்டு வேட்டையாடினார்கள். அதில் இந்தப் படம் உண்டு. 1984இல் வீடியோக்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2001இல்தான் அங்கே இதற்குச் சான்றிதழ் கிடைத்தது, அதுவும் ஏழு நிமிடத்துக்கு மேல் வெட்டிய பிறகு. வெட்டியது எல்லாம் முன்பகுதியில். விளைவை யோசியுங்கள்: கொடுமையைக் குறைத்துவிட்டு, பழிவாங்கலை அப்படியே விட்டால், படம் இன்னும் பெரிய பொய்யாகிறது. ‘இவ்வளவுதானே செய்தார்கள், அதற்கு இப்படியா கொல்வது’ என்று கேட்க வைக்கும் பிரதியைத்தான் பொறுப்போடு தயாரித்து மக்களுக்குக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் இதே கேள்வி ‘பண்டிட் குவீன்’ படத்தால் எழுந்தது. பூலான் தேவியை நிர்வாணமாக ஊர் நடுவில் நடத்திப் போகும் காட்சியை முன்வைத்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தக் காட்சி காமத்தைத் தூண்டாது, இரக்கத்தையும் அருவருப்பையும்தான் தூண்டும் என்று 1996இல் நீதிமன்றம் படத்தை அனுமதித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்கு முன்பே அருந்ததி ராய் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது: உயிரோடிருக்கிற ஒரு பெண்ணுக்கு நேர்ந்த வன்கொடுமையை, அவர் அனுமதியில்லாமல் திரும்ப நடித்துக்காட்ட யாருக்கு உரிமை? பூலான் தேவியே அப்போது படத்தை எதிர்த்து நீதிமன்றம் போயிருந்தார். ஜெனிஃபர் கற்பனைப் பாத்திரம். இந்தக் குற்றச்சாட்டிலிருந்தாவது ஜார்ச்சி தப்பிக்கிறார். புதரிலிருந்து வந்த பெண்ணின் அடையாளத்தை அவர் விற்கவில்லை.

கருத்து மாறியவர்களும் உண்டு. எண்பதுகளில் பிரிட்டனில் இந்தப் படத்தை எதிர்த்து மறியல் செய்த பெண்ணியவாதி ஜூலி பிண்டெல், 2011இல் தான் அதைத் தவறாக மதிப்பிட்டுவிட்டதாக எழுதினார். சட்டம் கைகொடுக்கும் என்று நம்ப வைக்கும் நாகரிகமான நீதிமன்றப் படங்களைவிட இது நேர்மையானது என்பது அவர் வாதம். கேரல் க்ளோவர் என்ற ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட நூலில், இத்தகைய படங்களில் ஆண் பார்வையாளர்களும் அடிபடும் பெண்ணின் இடத்தில்தான் தங்களை வைத்துப் பார்க்கிறார்கள் என்று வாதிட்டார். என் பின்னறையில் பீடி பிடிக்க எழுந்து போன இருவரை வைத்துப் பார்த்தால், அதில் விஷயம் இருக்கிறது.

இனி நடைமுறை. சனிக்கிழமை இரவு விடுதி அறையில் பதினைந்து பேர் பொரியும் கடலையுமாகப் பார்க்கிற படம் இது அன்று. மூன்று நான்கு பேர், பகலில், இடையில் நிறுத்தினால் கேலி செய்யாதவர்கள். என்ன வரப்போகிறது என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் அதிர்ச்சியைக் காப்பாற்றி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் அறையில் யாருக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வரவில்லை என்று சொல்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். வெட்டப்படாத பிரதியாக இருக்கட்டும். பொறுக்க முடியாத இடத்தில் வேகமாக ஓட்டாதீர்கள், அணைத்துவிடுங்கள். வேகமாக ஓட்டிப் பழிவாங்கலுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தப் படத்தின் மோசமான பாதி மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சும்.

2010இல் ஸ்டீவன் மன்ரோ இயக்கிய மறு ஆக்கத்தைத் தேட வேண்டாம். ஷெரீஃப் ஒருவரையும் குற்றவாளிகளில் சேர்த்தது மட்டும் நல்ல யோசனை. சட்டமே கூட்டாளி என்று ஆகிறது. மற்றபடி, கொடுமைக்குப் பிறகு கதாநாயகி வெகுநேரம் திரையிலிருந்தே காணாமல் போய், பொறிகள் வைத்துக் கொல்லும் பேயைப் போலத் திரும்பி வருகிறார். ஒட்டுநாடாக் காட்சிக்கு அங்கே இடமே இல்லை.

அதற்குப் பதில் இங்மார் பெர்க்மனின் 1960ஆம் ஆண்டு ஸ்வீடன் படம் ‘தி வர்ஜின் ஸ்பிரிங்’ பாருங்கள். இடைக்காலக் கதைப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. தேவாலயத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகும் பெண்ணைக் கெடுத்துக் கொன்றவர்கள், தெரியாமல் அவள் வீட்டிலேயே இரவுத் தங்கலுக்கு வருகிறார்கள். தகப்பன் அவர்களைக் கொல்கிறான், கூட வந்த சின்னப் பையனையும் சேர்த்து. பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஜார்ச்சி மேத்யூ விஷயத்தில் தாண்டிக் குதித்த இடத்தில் பெர்க்மன் நின்று பார்க்கிறார். அமெரிக்காவில் 1972இல் வெஸ் கிரேவன் இந்தக் கதையைத்தான் ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்’ என்று மலிவுப் படமாக்கினார். இந்த வகைப் பழிவாங்கல் படங்களில் பலவற்றுக்கு அதுதான் வழிகாட்டி. மூன்றையும் வைத்து ஒரு கட்டுரை எழுதலாம். ஒரே வாரத்தில் பார்க்க வேண்டாம்.